கை நனைக்காத மதியங்கள்

ஜூலை 7, திங்கள்

காற்று. சின்னமனூர் தாண்டியதும் பஸ் ஜன்னல்கள் தடதடவென்று ஒரே ஆட்டம். கண்ணில் மண். தேனியில் ஏறியது முதல் உத்தமபாளையம் வரை நின்றுகொண்டே வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு எழுந்து இடம் கொடுக்கலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. நரை போதவில்லை போல.

நடவு நேரம். ஆபீசில் உர மூட்டை கேட்டு ஒரே கூட்டம். பில் போட்டு நிமிர மணி ஒன்றரை. ஓட்டலுக்குப் போனால் கல்லாவுக்கு மேலே புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு விலை மறுபடியும் ஏறிவிட்டது. பொங்கலுக்குத்தான் ஏற்றினார்கள். கூட்டு வைக்கும் கரண்டி மட்டும் சிறுத்துக்கொண்டே வருகிறது. மோருக்குத் தனிக் காசாம்.

பூச்சிமருந்துக் கம்பெனி கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. மதியச் சாப்பாட்டை (இனி ம.சா.) இதில் எழுதிப் பார்ப்போம். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றாவது தெரியும்.

இதுவரை செய்து பார்த்தவை:

வீட்டுச் சோறு. முத்துலட்சுமிக்கு மில்லில் காலை ஷிப்ட். ஐந்து மணிக்கு வடித்து அடைத்த சோறு ஒரு மணிக்குத் திறந்தால் ஒரு வாடை. அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்னேன், அதுவும் நடந்தது.

தயிர்ச்சோறு. கெடாது. தொடர்ந்து நான்கு நாள் தின்றால் மனசு கெட்டுவிடும்.

பரோட்டா. மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் மேலேயே தூக்கம்.

ஒரு பார்சல், இரண்டு ஆள். இலையில் உட்கார்ந்தால் கொடுப்பதைவிடப் பார்சலில் சோறு அதிகம் வைப்பார்கள். பக்கத்து மேசை ஜெயசீலனும் நானும் பங்கு. ராயப்பன்பட்டிக்காரன், தங்கமான பையன், ஆனால் சாம்பாரை மொத்தமாகக் கவிழ்த்துவிடுவான். ரசத்துக்குச் சோறு மிஞ்சாது.

அக்கா வீடு. கோர்ட்டுக்குப் பின்பக்கத் தெரு. ஆபீசிலிருந்து ஒரு பீடி பிடிக்கிற தூரம்.

கடைசியாக எழுதியது பட்டியலில் சேராது. ஏன் எழுதினேனோ. அடிக்கவும் மனம் வரவில்லை.

ம.சா.: பரோட்டா இரண்டு.

ஜூலை 10, வியாழன்

சாரல். பில் கட்டெல்லாம் நமத்துவிட்டது.

ஜெயசீலன் ஒரு வழி கண்டுபிடித்து வந்திருக்கிறான். இதே ஊரில் ஒரு வீட்டில் சமைத்து, கேரியரில் அடைத்து, காஜா பாயின் ஆட்டோவில் ஆபீஸ் ஆபீசாக அனுப்புகிறார்களாம். திங்கள் முதல் வெள்ளி வரை. ஓட்டல் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

“வக்கீல் ஆபீஸ்ல எல்லாம் அதத்தான் சாப்பிடுறாகண்ணே. ஒரு அம்மா தனியாளா சமைக்கிறாகளாம். சோடா உப்புப் போடாத சோறு.”

ஒரு மாதத்துக்குக் கட்டிவிட்டோம். திங்கள் முதல் வரும். பேர் கேட்டார் காஜா பாய். சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். என் பேர் அப்படியொன்றும் அதிசயமான பேர் இல்லையே.

ம.சா.: பார்சலில் பாதி. ரசம் இல்லாமல்.

ஜூலை 14, திங்கள்

இன்று எழுத நிறைய இருக்கிறது. எப்படி எழுத என்றுதான் தெரியவில்லை.

கேரியர் வந்தது. மூன்றடுக்கு. கீழே சோறு, நடுவில் மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, மேலே அவரைக்காய்ப் பொரியல். மூடியில் அடையாளத்துக்கு நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி. ஜெயசீலனுடையதில் பச்சைப் புள்ளி.

முதல் வாய் வைத்ததும் கை நின்றுவிட்டது. குழம்பு இறக்கும்போது வறுத்த அரிசியும் வெந்தயமும் பொடித்துத் தூவியிருக்கிறது. இப்படி இறக்குகிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவர் அம்மா. அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆயிற்று.

“என்னண்ணே, உப்பில்லையா?” என்றான் ஜெயசீலன்.

“இருக்கு.”

“சமைக்கிறது யாருன்னு காஜா பாய்கிட்ட கேட்டேன். அந்தம்மா பேரு...”

“சாப்பிடுறப்ப என்ன பேச்சு” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. 

பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சாப்பிட முடியாது. மாதக் காசும் கட்டியாயிற்று.

முழுவதும் சாப்பிட்டேன். அடியில் ஒட்டியிருந்த மொச்சை வரைக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டது.

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கம் வெறுமனே சாப்பிடுவது இல்லை. பகை இல்லை என்று கையெழுத்துப் போடுவது. எழவு வீட்டுக்குக்கூடப் போகலாம், வாசலில் நின்றுவிட்டு வரலாம். பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்தால் பகை நிற்கிறது என்று அர்த்தம்.

அக்கா மகள் அபிராமி பெரியவளான சடங்கு. இதே ஊரில் மண்டபம். தாய்மாமன் நான்தான். சீர்த்தட்டு, மாலை, பட்டு எல்லாம் மேளத்தோடு கொண்டுபோய் இறக்கினோம். முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, உப்பு வைத்தாயிற்று. மச்சானுடைய தம்பி வந்து தோளைத் தொட்டான். “மாப்ள, கொஞ்சம் எந்திரிங்க. கட்சிக்காரவுக வந்துருக்காக. நீங்க நம்மாளுதான, அடுத்த பந்தியில பாத்துக்கிருவோம்.”

எழுந்தேன். அப்படியே நடந்து பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டேன். முத்துலட்சுமி பின்னாலேயே செருப்புக்கூட மாட்டாமல். அக்கா சமையல்கட்டில் இருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. யாரோ சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. “தம்பி, எனக்காக வாடா. நான் உனக்குத் தனியா இலை போடுறேன்டா” என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

“இனி உன் வீட்டுல நான் கை நனைச்சா என்னை ஏன்னு கேளு” என்றேன்.

தனியாக இலை என்றாளே, அதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. இப்போது நினைத்தால் அவளால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்.

மச்சான் இறந்தபோது போனேன். பிறந்த வீட்டுக் கோடித்துணியைச் சித்தப்பா மகன் பால்பாண்டி கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டுப் பந்தலிலேயே நின்றேன். அக்கா உள்ளே அழுத சத்தம் கேட்டது. ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. வேண்டாம் என்றேன்.

கேரியர் விஷயத்தில் என் முடிவு: காசு கொடுத்துத் தின்பது கை நனைப்பதில் சேராது. ஓட்டலில் மாஸ்டர் யார் என்று பார்த்தா உட்காருகிறோம்.

ம.சா.: கே. (கேரியர்.) கீரைக் கடையல், வத்தக்குழம்பு, அப்பளம் உடையாமல்.

ஜூலை 18, வெள்ளி

முருங்கைக்காய் சாம்பார். ஜெயசீலன் கிண்ணத்தில் காய் மிதக்கிறது. என்னுடையதில் ஒரு துண்டு இல்லை, பதிலுக்கு முள்ளங்கி. எனக்கு முருங்கைக்காய் ஆகாது. சின்ன வயதில் நார் தொண்டையில் சிக்கி, அக்காதான் விரலை விட்டு எடுத்தாள்.

“என்னண்ணே ஒங்களுக்கு மட்டும் வேற மாதிரி இருக்கு?”

“ஆள் மாறி அடைச்சிருப்பாக” என்றேன்.

அவளுக்கும் தெரியும் என்பது இன்று தெரிந்துபோனது. காஜா பாய் என் பேரைக் கொண்டுபோன அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளும் எதையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்படியே போகட்டும்.

சாயங்காலம் கேரியர் எடுக்க வந்த பாயிடம் “ரசம் தண்ணியா இருக்குன்னு சொல்லுங்க” என்றேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது. எதையாவது சொல்லி அனுப்ப வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 21, திங்கள்

காற்று அடங்கவில்லை. ஆபீஸ் போர்டு ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. மேனேஜருக்குப் போன். ‘பார்ப்போம்’ என்றார், போன மாதம் போலவே.

ரசம் கெட்டியாக வந்தது. காஜா பாய் சேதியும் கொண்டுவந்தார்.

“பருப்புத் தண்ணி கூட ஊத்தியிருக்காகளாம் சார். மிளகு மட்டும் கூட்டலியாம். மிளகு கூடுனா அந்தச் சாருக்கு இருமல் வரும்னாக. ஒங்களுக்குத் தொண்டையில ஏதும் கோளாறா சார்?”

“அதெல்லாம் இல்ல பாய்.”

“அப்புறம் எப்பிடிச் சொன்னாக?”

பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் முத்துலட்சுமி கேட்டாள்: “ஒரு வாரமா சாப்பாட்டப் பத்தி ஒரு கொறையும் சொல்லலியே, மேலுக்குச் சரியில்லையா?” மெஸ் மாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன். பொய் இல்லை.

ஜூலை 30, புதன்

ம.சா.: கே. சுண்டைக்காய்க் குழம்பு. உருளைக்கிழங்கு வறுவலில் கருகல் பக்கமாகப் பார்த்து எனக்கு வைத்திருக்கிறாள். கருகினதுக்குத்தான் நானும் அவளும் அடித்துக்கொள்வோம்.

‘புளி கொஞ்சம் தூக்கல்’ என்று சொல்லி அனுப்பினேன். ‘புதுப்புளி, அப்படித்தான் இருக்கும்’ என்று பதில். அதே பழைய திமிர். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

செய்ய: பல் ஆஸ்பத்திரி. கரண்டு பில். பைக் இன்சூரன்ஸ்.

ஆகஸ்ட் 6, புதன்

ஜெயசீலன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “நம்ம கேரியர் அம்மா பொண்ணுக்குக் கல்யாணமாம்ணே. மாப்பிள்ளை கடமலைக்குண்டு. ஆவணியில. வீட்டுக்காரர் இல்லாம அந்தம்மா இந்தக் கேரியர வச்சே எல்லாத்தையும் சேத்துருக்காக.”

 தண்ணீர் குடித்தேன்.

கழுத்துவரை வளர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கல்யாணம். சடங்கு அன்று தாவணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, ‘மாமா, மாலை குத்துது’ என்று காதில் சொன்னாள். அதற்குப் பிறகு அவளை எங்கே பார்த்தேன். பஸ்ஸில் ஒரு தரம் பார்த்தேன். நான்தான் முன்வாசல் வழியாக இறங்கிவிட்டேன்.

அக்கா வந்து முறையாக அழைத்தால் போகலாம். தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைப்பதுதான் முறை. சேதி சொல்லி அனுப்பினால் போக முடியாது. ஆடி முடிந்ததும் வருவாள். வரட்டும்.

இன்று பாயிடம் குறை எதுவும் சொல்லி அனுப்பவில்லை. (மறுநாள் சேர்த்தது: ‘சார் ஒண்ணும் சொல்லலியா’ என்று பாயிடம் கேட்டாளாம்.)

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. வெயில்.

வந்தாள்.

காலை பத்தரை. ஜன்னலில் பார்த்தேன், தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள். கையில் தாம்பாளம், துணி போட்டு மூடியிருக்கிறது. கூட யாரும் இல்லை. கழுத்து வெறுமையாக. நடையில் ஒரு சாய்வு, இடுப்பு வலி போல. எனக்கும் அதே இடுப்புதான்.

நான் செய்தது: சட்டை மாட்டவில்லை, வாசலுக்குப் போகவில்லை. மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

ஏன் ஏறினேன் என்று எழுதப் பார்க்கிறேன். கோபம் இல்லை. கேரியர் சோறு ஒரு மாதமாக வயிற்றில் போய்க்கொண்டிருக்கிறது, எந்த முகத்தோடு எதிரே நிற்பது. ‘சாப்பாடு எப்படிடா இருக்கு’ என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது. வெட்கம்தான். இத்தனை வருஷம் கோபம் என்று வைத்திருந்ததில் எவ்வளவு வெட்கமோ.

கீழே பேச்சு கேட்டது.

“தம்பி இல்லையாத்தா?”

“இப்பத்தான் மதினி, கடைக்கு... மேல... வந்துருவாக.” முத்துலட்சுமிக்குப் பொய் வராது.

“இருக்கட்டும், இருக்கட்டும். வெரட்டாத. புருசனும் பொண்டாட்டியும் சேந்து நின்னு வாங்கணும். பரவால்ல, நீ வாங்கிக்க. மாலை எடுத்துக் குடுத்து மணவறைக்குக் கூட்டிட்டு வர மாமன்காரன் வேணும்னு சொல்லு. வேறென்ன சொல்ல. எளச்சுட்டானா?”

“இல்ல மதினி. இப்பத்தான் ஒரு மாசமா ஒடம்பு தேறியிருக்காக.”

  பிறகு சொம்பு வைக்கிற சத்தம். என் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். கை நனைத்துவிட்டாள். அவளுக்கு ஒரு கணக்கும் இல்லை.

இறங்கி வந்தபோது தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பத்திரிகை, ஆறு வாழைப்பழம். முத்துலட்சுமி என்னைப் பார்க்கவில்லை. “தொட்டி நெறஞ்சிருந்துச்சா?” என்றாள்.

என் கைக்கு வரவில்லை என்பதால் இது முறையான அழைப்பில் சேராது என்று சொன்னேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ம.சா.: கே. வாழைப்பூ வடை, பருப்புருண்டைக் குழம்பு. வழக்கம் போல. எதுவுமே நடக்காதது போல. ஒரு உப்பாவது கூட்டிப் போட்டிருக்கலாம்.

பால்பாண்டி போன் செய்தான். நான் வராவிட்டால் மாமன் மாலை அவன் எடுத்துக் கொடுக்க ஏற்பாடாம். “ஒனக்கு ஆட்சேபணை இல்லைல்ல?” என்றான். எனக்கென்ன ஆட்சேபணை என்றேன். நாக்கை வெட்டிப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மேகமூட்டம். வெக்கை.

ஜெயசீலன் மேசையில் அதே பத்திரிகை. கேரியர் வாங்குகிற எல்லாருக்கும் அக்கா கொடுத்திருக்கிறாள்.

“வியாழக்கெழமை கேரியர் கெடையாதுண்ணே. எல்லாரும் மண்டபத்துல வந்து சாப்பிடணும்னு சொல்லிட்டாக. ஒங்களுக்குப் பத்திரிகை வரலியா? கேட்டு வாங்கவா?”

“வந்துருச்சு.”

“அப்பச் சேந்தே போவோம்ணே.”

“ஸ்டாக் கணக்கு முடிக்கணும். நீ போயிட்டு வா.”

காஜா பாய் சொன்னது: கல்யாணத்தோடு அக்கா சமையலை நிறுத்துகிறாள். “ஆரம்பத்துலயே சொன்னதுதான் சார். புள்ளைக்குக் கல்யாணம் முடியிற வரைக்குந்தான்னு. இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது. நாலு மணிக்கே எந்திரிச்சு அடுப்புல நிக்கணும்ல.”

எனக்கு இது யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லையே. உப்பு, புளி, ரசம் என்று சொல்லி அனுப்பினேன். இடுப்பு எப்படி என்று ஒரு தரம் சொல்லி அனுப்பியிருந்தால் பாய் கொண்டுபோக மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. கொழுக்கட்டை.

சாயங்காலம் முத்துலட்சுமி கிளம்பிவிட்டாள். அவளாகவே கடைக்குப் போய் அபிராமிக்குப் பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறாள். அரக்கு. எப்போது எடுத்தாள் என்று தெரியாது.

“நீங்க வரலேன்னாலும் நான் போவேன். அந்தப் புள்ளைக்கு அப்பனும் இல்ல. ஒங்களுக்குப் பந்திதான பெருசு” என்றாள். வாசலில் நின்று திரும்பி, “ஆபீஸ் சாப்பாடு எங்கருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். மதினி சொல்லல. ‘முருங்கைக்கா இப்பவும் ஆகாதுல்ல’ன்னு பத்திரிகை வைக்க வந்தன்னைக்கு அவுக கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு” என்றாள்.

பட்டுக்கரை வேட்டியை அயர்ன் பண்ணி ஆபீஸ் பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். பஸ் எட்டேமுக்காலுக்குப் போய்விடும். மண்டபம் வழியில்தான். இறங்கிவிட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இறங்கவில்லை.

மண்டபத்து வாசலில் வாழைமரம், பேனர். அதில் மச்சான் படம் வட்டத்துக்குள். பஸ் அங்கே மெதுவாகத்தான் போனது. எழுந்து படிக்கட்டு வரை வந்தேன். வாசலில் மச்சானுடைய தம்பி நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தான். முடியெல்லாம் கொட்டிப்போய், கிழவனாகிவிட்டான். அவனைப் பார்த்தால் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது.

ஒன்பது மணிக்கே ஜெயசீலன் மண்டபத்துக்குப் போய்விட்டான். ஆபீசில் நான் மட்டும். வேட்டி பைக்குள், பை மேசைக்கு அடியில். ஸ்டாக் கணக்கில் ஒரு வரி ஏறவில்லை.

பன்னிரண்டுக்கு முன்னாலேயே ஆட்டோ சத்தம். காஜா பாய். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. கையில் ஒரே ஒரு கேரியர். சிவப்புப் புள்ளி.

“இன்னைக்குக் கெடையாதுன்னாகளே பாய்.”

“ஒங்களுக்கு மட்டும் குடுத்துவிட்டாக சார். பந்தி இன்னும் போடல. எல்லாரும் எலைக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாக. மாப்பிள்ளை வீட்டாளுக, கட்சிக்காரவுக எல்லாம். சமையக்காரர்கிட்ட மொதல்ல இதுல போடுன்னாக. இந்தக் கேரியர் போகட்டும், அப்புறமா மொதல் பந்திக்கு எலை போடுங்கன்னு பந்திக் கூடத்துக் கதவுல கைய வச்சுக்கிட்டு நின்னாக. நான் வண்டிய எடுத்ததுக்கு அப்புறந்தான் கதவத் தெறந்தாக.”

கேரியரை வாங்கி மேசையில் வைத்தேன்.

“இன்னைக்குச் சாப்பாட்டுக்குக் காசு இல்லியாம் சார். அதையும் சொல்லச் சொன்னாக.” பாய் கொஞ்சம் தயங்கினார். “வர்றீகளா சார், வண்டி சும்மாத்தான் போகுது. எறக்கி விட்டுர்றேன்.”

“வேலை இருக்கு பாய்.”

இதை எதற்குச் சொன்னேன். இன்னொரு தரம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. ஆட்டோ போய்விட்டது.

சோறு, பருப்பு, நெய், சாம்பார், வத்தக்குழம்பு, வடை, அவியல், சேமியாப் பாயாசம். ஜிலேபி ஒன்று வாழை இலைத் துண்டில் சுற்றி. சமையல்காரர் செய்ததுதான், அக்காவின் கை இல்லை. அடைத்தது மட்டும் அவள். சாம்பாரில் முருங்கைக்காயைப் பொறுக்கி எடுத்திருந்தாள். மகள் கல்யாணத்தன்று, அத்தனை வேலைக்கு நடுவில்.

காசில்லாத சோறு. அப்படியென்றால் இது கை நனைப்பதுதான். சாப்பிட்டேன். கண்ணீர் விழுந்ததில் பாயாசம் உப்புக் கரித்தது என்று எழுதினால் கதை போல இருக்கும். சும்மா மூக்கு ஒழுகியது. துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன்.

என் அக்கா மகள் கல்யாணச் சாப்பாட்டை ஆபீசில், கம்ப்யூட்டருக்கு முன்னால், தனியாகச் சாப்பிட்டேன். எல்லாருக்கும் முதல் பந்தி. எனக்கு அதற்கும் முந்தின பந்தி. பக்கத்து இலை இல்லை.

கை கழுவிவிட்டு வேட்டியை எடுத்துப் பார்த்தேன். திரும்ப மடித்து வைத்தேன். ஜெயசீலன் நாலு மணிக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தான். பொண்ணு மாப்பிள்ளை கிளம்பிவிட்டார்களாம். மாமன் மாலையை யாரோ ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார், பொண்ணு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது என்றான்.

கேரியர் எடுக்க யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மறுபடி காற்று.

முத்துலட்சுமி நேற்று இரவு வந்தது முதல் பேசவில்லை. காலையில் தயிர்ச்சோறு கட்டி வைத்திருந்தாள். எடுக்காமல் வந்தேன். வேண்டுமென்றேதான்.

கேரியரை ஆபீசில் சோப்புப் போட்டுக் கழுவினேன். இத்தனை நாளும் கழுவித்தான் அனுப்பினேன், ஆனால் வெறுமனே. வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது தெரியாதவனா நான். காசு கொடுக்கிறவன் என்பதால் தெரியாதவன் போல இருந்தேன். ஜெயசீலன் தோட்டத்துப் பன்னீர் திராட்சை கொண்டுவந்திருந்தான். அக்காவுக்கு அதென்றால் உயிர். விலைக்குக் கேட்டேன், சும்மா எடுத்துக்கங்கண்ணே என்றான். மூன்றடுக்கிலும் நிறைத்தேன். பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டேன். ஜெயசீலன் என்னையும் கேரியரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஒரு மணிக்கு நடந்தேன். கோர்ட்டைத் தாண்டி, பின்பக்கத் தெரு. என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். ‘பசிக்குதுக்கா’ என்று சொன்னால் போதும் என்று தோன்றியது. வேறு எதுவும் கேட்க மாட்டாள்.

வீட்டு வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம். பூட்டு.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். “கடமலைக்குண்டுக்கு மறுவீட்டுக்குப் போயிருக்காக. வர நாலஞ்சு நாள் ஆகும். நீங்க யாரு?”

சொல்ல வாயெடுத்தேன். தம்பி என்று சொன்னால், நேற்று எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பார்.

“ஆபீஸ்ல சாப்பாடு வாங்குறவன். கேரியர் குடுக்க வந்தேன்.”

“அதுவா. இங்கன வச்சிட்டுப் போங்க, வந்தாக்கக் குடுத்துர்றேன். யாருன்னு சொல்ல?”

“செகப்புப் புள்ளின்னு சொல்லுங்க, தெரியும்” என்றேன். அப்புறம் கேரியரை வைக்க மனசில்லாமல் தூக்கிக்கொண்டே வந்துவிட்டேன். திராட்சை நாலு நாள் தாங்காது.

ம.சா.: அக்காவுக்குக் கொண்டுபோன திராட்சை.